ஃப்ளின்ட்லாக் துப்பாக்கியில் சைட் சரிசெய்வது: அரத்தை எப்போது எடுக்கலாம்?

கல் உரசும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய வகைத் துப்பாக்கிதான் ஃப்ளின்ட்லாக். குறிபார்க்கக் குழலின் மேல் இருப்பவை சைட்டுகள்: பின்னால் பள்ளமுள்ளது, முன்னால் மெல்லிய தகடு. வந்த கேள்வி இதுதான்: “.50 அளவு (அரை அங்குலக் குழல்) ஃப்ளின்ட்லாக் ரைஃபிள் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். மேசையில் சாய்த்து வைத்து 50 கஜத்தில் சுட்டால் குண்டு பெரும்பாலும் 10 செ.மீ. கீழேயும் 7 செ.மீ. இடதுபக்கமும் போய் விழுகிறது. சில சமயம் வலதுபக்கமும் போகிறது. முன் சைட்டை ராவ வேண்டுமா, பின் சைட்டைத் தட்ட வேண்டுமா?”

இரண்டும் தேவைப்படும். பின் சைட்டை வலப்பக்கம் தட்ட வேண்டும், முன் சைட்டின் உயரத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் இன்றைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள்.

குண்டு கீழே விழுவதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. இந்த வகைத் துப்பாக்கிகளைச் செய்பவர்கள் முன் சைட்டை வேண்டுமென்றே உயரமாக விட்டுத்தான் அனுப்புவார்கள். வாங்குபவர் தன் வெடிமருந்து அளவுக்கும் தன் கண்ணுக்கும் ஏற்றபடி ராவிக்கொள்ளட்டும் என்பதுதான் கணக்கு. உயரமாக இருப்பதைக் குறைக்கலாம், குட்டையாகிவிட்டதை வளர்க்க முடியாது. என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிற போக்கில் சொன்ன “சில சமயம் வலதுபக்கமும்” என்கிற பகுதி. குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்தால்தான் அந்தக் கூட்டத்தை நகர்த்த முடியும். சிதறி விழும்போது எந்தக் குண்டை நம்பி சைட்டைத் தட்டுவீர்கள்?

அதனால் 25 கஜத்துக்கு இறங்குங்கள். அகலமான தாளை மாட்டி, நடுவில் ஒரு கறுப்பு வட்டம் போதும். ஒரு குண்டு சுட்டுக் குழலை அழுக்காக்கிவிட்டு, அப்புறம் ஐந்து குண்டுகளை ஒரே குறியில் சுடுங்கள். குறிக்கு எவ்வளவு தள்ளி விழுந்தன என்று பார்க்க வேண்டாம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி விழுந்தன என்று மட்டும் பாருங்கள். 25 கஜத்தில் ஐந்தும் உள்ளங்கைக்குள் அடங்காவிட்டால் சைட்டைத் தொட வேண்டாம். குறை வேறெங்கோ இருக்கிறது.

முதல் சந்தேகம் பற்றவைப்பின் மேல். விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி தட்டுகிறது, பொறி குழலுக்கு வெளியே பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்கிறது, அந்தச் சுவாலை பக்கத்துத் துளை (பற்றுத்துளை) வழியாக உள்ளே போய்க் குழலிலுள்ள மருந்தைப் பற்றவைக்கிறது. நவீனத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது நீண்ட பயணம். அந்த நேரம் முழுக்க நீங்கள் அசையாமல் குறியில் நிற்க வேண்டும். நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தாலாவது பழகிக்கொள்ளலாம். ஒருமுறை உடனே, ஒருமுறை தாமதமாக என்றால் குண்டுகளும் அப்படித்தான் சிதறும்.

காதால் சோதிக்கலாம். நன்றாகப் பற்றினால் கிண்ணம் வெடிப்பதும் குழல் வெடிப்பதும் ஒரே சத்தமாகக் கேட்கும். “ஸ்ஸ்... டும்” என்று இரண்டாகப் பிரிந்து கேட்டால் ஏதோ தாமதம். கிண்ணத்தை நிறைய நிரப்புவதுதான் பெரும்பாலும் காரணம். மருந்து துளைக்குள்ளேயே புகுந்து அடைத்துக்கொண்டால் அது திரி மாதிரி ஒவ்வொரு மணியாக எரிந்து உள்ளே போக வேண்டும். துளை காலியாக இருந்தால் சுவாலை நேராகப் பாயும். கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, அதன்பிறகு கிண்ணத்தில் மருந்து போடுங்கள். கிண்ணத்துக்கு நான்கு எஃப் எனப்படும் நுண்ணிய மணி, குழலுக்கு மூன்று எஃப் அல்லது இரண்டு எஃப். எஃப் கூடக்கூட மணி சிறுத்துக்கொண்டே போகும்.

மருந்து என்று சொல்லும்போது அசல் கருமருந்தைத்தான் சொல்கிறேன். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்கு அதிகச் சூடு வேண்டும், கல்லின் பொறியை நம்பி அவற்றைப் போட்டால் தாமதமும் ஏமாற்றமும்தான் மிச்சம். நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் போடக்கூடாது, குழல் பிளந்துவிடும்.

அடுத்தது கல். விசையை இழுத்ததும் பாயும் சுத்தியின் தாடைக்குள் அதைத் தோல் துண்டு சுற்றி இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். அதன் விளிம்பு தகட்டின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு மூலை மட்டும் தொட்டால் பொறியும் பாதிதான் வரும். விளிம்பு மழுங்கினால் சின்னச் செதில்களாகத் தட்டிக் கூராக்குங்கள், ஆனால் கிண்ணமும் குழலும் காலியாக இருக்கும்போது மட்டும். நாலைந்து முறை சுட்டதும் தகட்டின் முகத்தையும் கல்லின் விளிம்பையும் துணியால் துடைப்பது நல்லது. எண்ணெய் பட்ட விரலால் தகட்டைத் தொடாதீர்கள். பொறி வராததற்கு ஊரெல்லாம் காரணம் தேடிவிட்டுக் கடைசியில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் துளையிலிருந்து ஒவ்வொரு முறையும் நெருப்பு பக்கவாட்டில் சீறும். லாக் (சுத்தி, தகடு, கிண்ணம் சேர்ந்த பற்றவைப்பு அமைப்பு) இருக்கும் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், மருந்துப் புட்டியையும் திறந்து வைக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுட வேண்டாம். கிண்ணம் மட்டும் பற்றி அணைந்துவிட்டால் குழலைக் குறிப் பக்கமே நீட்டியபடி ஒரு நிமிடமாவது காத்திருங்கள். உள்ளே ஒரு பொறி நின்று எரிந்துகொண்டிருக்கலாம்.

சரி, பற்றவைப்பு ஒழுங்காகிவிட்டது. இனி குழலுக்குள் என்ன போகிறது என்று பார்ப்போம். .50 குழலுக்கு வழக்கமாகப் போடுவது .490 அங்குல ஈயக்குண்டு. எடை ஏறத்தாழ 177 கிரெயின், அதாவது 11.5 கிராம். அதைச் சுற்றி எண்ணெய் தடவிய பருத்தித் துணி, சுமார் .015 அங்குலத் தடிமன். துணிதான் குழலின் சுழல் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றுகிறது. அதனால் துணியில் மாற்றம் வந்தால் எல்லாமே மாறும். செயற்கை நூல் கலந்த துணி உருகி ஒட்டிக்கொள்ளும், நூற்றுக்கு நூறு பருத்தியாகப் பாருங்கள்.

மருந்தை அளவுக்குழாயில் அளந்துதான் ஊற்ற வேண்டும், மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றக்கூடாது. குழலுக்குள் அணையாத கங்கு இருந்தால் கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். அளவைப் பொறுத்தவரை, உங்கள் துப்பாக்கியைச் செய்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல், 50 கிரெயினில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து குண்டு, புதிய தாள், தாளின் மூலையில் அளவைக் குறித்து வையுங்கள். எங்கோ ஓரிடத்தில் குண்டுகள் கூடிவரும். அந்த அளவுதான் இந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு. மருந்தைக் கூட்டினால் குண்டு மேலே போகும் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்துத் தூரத்தில் சில சமயம் கீழே போகும். குழல் உதைத்து மேலே எழும்புவதற்குள் குண்டு வேகமாக வெளியேறிவிடுகிறது என்பதே காரணம். கூடவே இடம் வலமும் கொஞ்சம் நகரும். அளவு முடிவாகாமல் சைட்டை ராவக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

குண்டைக் கெட்டிக்கும்போது கஜக்கோலில், அதாவது குண்டைக் குழலுக்குள் தள்ளும் நீண்ட கோலில், ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மருந்தும் குண்டும் சரியாக இறங்கியிருந்தால் அந்தக் கோடு குழல் வாயோடு நிற்கும். இரண்டு பயன். ஒன்று, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் ஒரே ஆழத்துக்குப் போகிறதா என்று தெரியும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். மருந்தே போடாமல் வெறும் குண்டை இறக்கிவிட்டாலும் கோடு காட்டிக்கொடுக்கும். அப்படி நேர்ந்தால் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் நடப்பதுதான். பற்றுத்துளை வழியாகக் கொஞ்சம் நுண்மருந்தை உள்ளே தள்ளி, குண்டு கீழேதான் இருக்கிறதா என்று கோலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் குறிப் பக்கம் சுட்டு வெளியேற்றலாம்.

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் கரியாகவும் உப்பாகவும் மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு குழம்பு மாதிரி ஆகும். ஐந்தாவது குண்டு முதல் குண்டு போன அதே குழலில் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு லேசாக ஈரமாக்கிய துணியை ஒரு தடவை விட்டு எடுங்கள், அடுத்து ஒரு காய்ந்த துணி. கங்கு இருந்தாலும் அணைந்துவிடும். துணி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் அழுக்கு கீழே இறங்கிப் பற்றுத்துளையை அடைத்துவிடும். துடைத்த பிறகு துளையைக் குத்தச் சொன்னது அதனால்தான். ஒவ்வொரு சூட்டுக்கும் துடைப்பதா, மூன்றுக்கு ஒருமுறையா என்று வாதம் செய்பவர்கள் உண்டு. எதைச் செய்தாலும் மாறாமல் செய்தால் போதும் என்பது என் கட்சி.

அப்புறம், சுட்ட துணிகளைப் பொறுக்கிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். குழல் வாயிலிருந்து ஐந்தாறு கஜத்துக்குள்தான் விழுந்து கிடக்கும். சுடுவது நின்றபின் போய் எடுங்கள். நடுவில் கறுப்பு வட்டமும் ஓரத்தில் நூல் பிரிந்தும் இருந்தால் நல்ல துணி. நடுவில் பொத்தல் விழுந்து கருகியிருந்தால் துணி மெல்லியது அல்லது எண்ணெய் போதவில்லை, இல்லையென்றால் மருந்து அதிகம். கத்தியால் கீறியது போல நேர்க்கோட்டில் கிழிந்திருந்தால் குழல் வாய் விளிம்போ சுழல் பள்ளத்தின் மேடோ கூர்மையாக இருக்கிறது. புதிய குழல்களில் இது சகஜம், நிறையச் சுட்டால் தானே மழுங்கும். காலில் மிதிபடும் அந்தக் கந்தல் துணி சொல்வதைக் குறித்தாள் சொல்லாது.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். குழலை நேராகக் கடினமான பலகையில் வைத்துச் சுடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சுடும்போது குழல் பலகையிலிருந்து துள்ளி எழும், குண்டும் வேறு இடத்துக்குப் போகும். நின்று சுடும்போது இடது கை எங்கே தாங்குமோ அந்த இடத்தில் துப்பாக்கியின் மரக்கட்டைக்குக் கீழே மணல் மூட்டை வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம். மூட்டை இரண்டு அங்குலம் முன்னே பின்னே போனால்கூட நீண்ட மெல்லிய குழல் வேறுவிதமாகத் துள்ளும். குழலையும் கட்டையையும் இணைக்கும் ஆப்புகளும் லாக்கின் திருகுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை கையால் பார்த்துவிடுங்கள்.

கடைசி சந்தேகம் உங்கள் மேலேயே. கண்ணுக்குப் பக்கத்தில் நெருப்பு வெடிக்கும்போது உடம்பு சுருங்கத்தான் செய்யும். கிண்ணம் வெடித்ததும் முகத்தைத் திருப்பினால் குழலும் கூடவே திரும்பும், குண்டோ இன்னும் உள்ளேதான் இருக்கும். இடமும் வலமும் மாறி மாறி விழுவதற்கு இது ஒன்றே போதும். கல்லுக்குப் பதிலாக அதே அளவில் ஒரு மரத்துண்டை மாட்டி, குழல் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு விசையை இழுத்துப் பழகுங்கள். பிறகு சுடுமிடத்தில், குழலில் ஒன்றும் போடாமல் கிண்ணத்தில் மட்டும் மருந்து போட்டுச் சுட்டுப் பாருங்கள். நெருப்பு வரும்போது முன் சைட் அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்த்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். சத்தம் ஓய்ந்து, புகைக்குப் பின்னால் குறி மறுபடி தெரியும் வரை கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காதீர்கள்.

இத்தனையும் முடிந்து 25 கஜத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் கூடி விழுகின்றனவா? 50 கஜத்துக்குப் போங்கள். இனி சைட்.

பக்கவாட்டுத் திருத்தம் முதலில், ஏனென்றால் அதைத் திரும்பப் பெறலாம். பின் சைட்டைக் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட் என்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இடதில் விழும் குண்டு வலதுக்கு வர வேண்டும் என்பதால் உங்கள் பின் சைட் வலதுக்குப் போகிறது. எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், கணக்கு இருக்கிறது. குண்டு விலகிய தூரத்தை இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, குறி இருக்கும் தூரத்தால் வகுங்கள். சைட்டுகளுக்கு இடையே 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 கஜம் என்பது சுமார் 4,570 செ.மீ. ஏழு செ.மீ. விலகலுக்கு 7 × 75 ÷ 4,570, அதாவது 1.1 மில்லிமீட்டர். உங்கள் சைட்டுகளின் இடைவெளியை அளந்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மில்லிமீட்டருக்கு ஆறு செ.மீ. என்கிற இந்த விகிதத்தைப் பார்த்த பிறகு சுத்தியலை ஓங்கி அடிக்க யாருக்கும் கை வராது.

தட்டுவதற்கு முன், துப்பாக்கியில் மருந்து இல்லை என்று உறுதி செய்யுங்கள். சைட் உட்கார்ந்திருக்கும் காடியின் மேல், சைட்டிலும் குழலிலும் சேர்ந்தாற்போல ஊசியால் ஒரு மெல்லிய கீறல் போடுங்கள். எவ்வளவு நகர்ந்தது என்று அந்தக் கீறல் பிரிவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பித்தளைத் தண்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், இரும்பு வைத்தால் சைட்டில் தழும்பு விழும். அசையவே மாட்டேன் என்றால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். தட்டியபின் மூன்று குண்டு சுட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி.

பக்கவாட்டு சரியான பிறகுதான் உயரம். முன் சைட்டைக் குட்டையாக்கினால் அதைப் பின் சைட்டின் பள்ளத்துக்குச் சமமாகக் கொண்டுவர நீங்கள் குழலைத் தூக்க வேண்டியிருக்கும், குண்டு மேலே போகும். அதே கணக்குதான்: 10 × 75 ÷ 4,570, சுமார் 1.6 மில்லிமீட்டர். ஆனால் 1.6 மில்லிமீட்டரை ஒரே மூச்சில் ராவிவிடாதீர்கள். முதலில் பாதி, பிறகு நுண்பல் அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு, மூன்று குண்டு, மறுபடி இரண்டு இழுப்பு. வெள்ளியும் பித்தளையும் வெண்ணெய் மாதிரி கரையும். குண்டு குறிக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே வந்ததும் அரத்தைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். மீதியை இன்னொரு நாள், இன்னொரு வெளிச்சத்தில்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு சாயங்காலம், மங்கிய வெளிச்சத்தில், குண்டு சரியாகக் குறியின் நடுவில் விழும் வரை ராவி முடித்துப் பெருமையோடு போனேன். மறுநாள் காலையில் எல்லாக் குண்டும் நாலு விரல் மேலே. சாயங்காலம் நான் பார்த்த முன் சைட்டின் நுனியும் காலையில் பார்த்த நுனியும் ஒன்றல்ல, அவ்வளவுதான். பளபளக்கும் முன் சைட் தகட்டில் கண் நுனியைப் பார்ப்பதில்லை, மினுக்கைத்தான் பார்க்கிறது. வெயில் இடதுபக்கமிருந்து அடித்தால் தகட்டின் இடது ஓரம் மின்னும், அந்த மின்னலையே தகடு என்று எண்ணிப் பள்ளத்தின் நடுவில் வைப்பீர்கள், குண்டு வலதுக்குப் போகும். வெயில் வலதில் என்றால் குண்டு இடதில். வெளிச்சத்தைவிட்டுக் குண்டு விலகி ஓடும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் “சில சமயம் வலது” காலையா மாலையா என்று யோசித்துப் பாருங்கள். பரிசோதிக்க எளிய வழி, துப்பாக்கியில் மருந்து இல்லாதபோது, மருந்துப் பக்கமே போகாத இடத்தில், மெழுகுவர்த்திப் புகையில் முன் சைட்டைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்து சுடுவது. சிதறல் குறைந்தால் திருடன் அகப்பட்டான். நிரந்தரமாக வேண்டுமென்றால் உங்களைப் பார்க்கும் முகத்தை நுனியிலிருந்து கீழே போகப்போக உள்வாங்கும்படி லேசாகச் சாய்த்து ராவினால் வானத்து வெளிச்சம் அதில் விழாது.

50 கஜத்தில் குறி பிடித்த துப்பாக்கி 100 கஜத்தில் எங்கே சுடும் என்பதைத் தனியாகச் சுட்டுத்தான் அறிய வேண்டும். உருண்டைக் குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், மருந்தளவைப் பொறுத்து நாலு விரலிலிருந்து ஒரு சாண் வரைகூட இறங்கலாம். மிதமான பக்கக்காற்று அதே தூரத்தில் இன்னொரு சாண் ஒதுக்கிவிடும். அதனால் காற்றடிக்கும் நாளில் சைட்டைத் தட்டவே தட்டாதீர்கள்.

மேசையில் சரிசெய்ததை நின்று சுட்டும் பாருங்கள். குண்டு விழும் இடம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் எப்போதும் நின்றுதான் சுடப்போகிறீர்கள் என்றால், மிச்சம் வைத்த அந்த இரண்டு மூன்று செ.மீ.யை நின்று சுட்ட தாளைப் பார்த்து ராவுங்கள்.

கை தவறி அதிகம் ராவிவிட்டால்? குண்டு மேலே போகும். பின் சைட்டின் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தி, அதே அளவு அதன் தலையையும் இறக்கினால் குண்டு கீழே வரும். ஒரு மில்லிமீட்டர் வரை இந்த வித்தை கைகொடுக்கும். அதற்கும் மேல் போய்விட்டால் புதிய முன் சைட் தகடு ஒன்றை உயரமாக வாங்கிக் காடியில் மாட்டி, முதல் இழுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நான் அன்றைக்கு அதைத்தான் செய்தேன்.